ஊபர்லிங்கனிலிருந்து பிர்னாவ் வரை: ஏரியோர நடையும் 97 கல்லறைகளும்

கான்ஸ்டன்ஸில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "செப்டம்பரில் அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். ஒரு நாள் முழுக்க ஏரியோரமாக நிதானமாக நடக்க ஆசை. பிர்னாவ் தேவாலயத்துக்குப் பக்கத்தில், போர்க்காலத்தில் கட்டாய வேலை வாங்கப்பட்டுச் செத்தவர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறதாமே, அது என்ன கதை? போகிற வழியிலேயே பார்த்துவிடலாமா? அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு, அவரால் முடியுமா?"

முடியும் தம்பி, தாராளமாக அழைத்துக்கொண்டு போங்கள். பல வருடங்களாக இந்த ஏரிப் பக்கம்தான் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் இந்த வழியில் ஒரு தடவையாவது கூட்டிப்போய்விடுவேன். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: பிர்னாவில் தொடங்காதீர்கள். நிறையப் பேர் காரைத் தேவாலயத்து வாசலில் நிறுத்துவார்கள், உள்ளே ஒரு சுற்று, மேட்டில் நின்று ஏரியோடு ஒரு படம், அப்புறம் நேரமிருந்தால் கல்லறைத் தோட்டத்தை எட்டிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு "ஐயோ பாவம்" என்று சொல்லிக் கிளம்பிவிடுவார்கள். அங்கே படுத்திருப்பவர்கள் யார், இவ்வளவு தூரம் எதற்காகக் கொண்டுவரப்பட்டார்கள், என்ன வேலை செய்து செத்தார்கள் என்பதெல்லாம் அந்த இடத்தில் நின்றால் புரியாது. அதற்கு ஏழு கிலோமீட்டர் மேற்கே, கோல்ட்பாக் பாறைக்குப் போக வேண்டும். அங்கே தொடங்கிக் கிழக்கே நடந்து வந்தால் கல்லறைக்கு வருவதற்குள் அவர்களைக் கொஞ்சமாவது தெரிந்துகொண்டிருப்பீர்கள். அந்த வரிசையில்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் இடம். நம் ஆட்கள் கான்ஸ்டன்ஸ் ஏரி என்று சொல்வதை ஜெர்மானியர் போடன்சே என்கிறார்கள். 63 கிலோமீட்டர் நீளம், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா என மூன்று நாடுகள் கரையைப் பங்குபோட்டுக்கொண்ட ஏரி. அதன் வடமேற்கு மூலையில் ஒரு விரல் நீட்டியதுபோல ஒடுங்கிப் போகும் பகுதிக்கு ஊபர்லிங்கன் ஏரி என்று பெயர். அதன் வடகரையில் இருக்கும் பழைய ஊர்தான் ஊபர்லிங்கன். கரையில் நின்று எதிரே பார்த்தால் காடு மூடிய ஒரு மலைத்தொடர் தெரியும். வருகிறவர்கள் எல்லாரும் "அதுதானே சுவிட்சர்லாந்து?" என்று கேட்பார்கள். இல்லை, அதுவும் ஜெர்மனிதான், போடான்ரூக் என்கிற நிலத்துண்டு. சுவிட்சர்லாந்து அதற்கும் அப்பால். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டு பேருடைய கதையில் இது தேவைப்படும்.

கான்ஸ்டன்ஸிலிருந்து ரயிலில் வந்தால் ராடோல்ஃப்ட்செல்லில் மாறி, ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் போகும் வண்டியைப் பிடித்து, ஊபர்லிங்கன் தெர்மே என்ற நிலையத்தில் இறங்குங்கள். ஊபர்லிங்கன் என்று மட்டும் பெயருள்ள நிலையம் அடுத்தது. அங்கே இறங்கினால் மறுபடி மேற்கே நடந்து வர வேண்டியிருக்கும். அப்பாவுக்குப் படகு பிடிக்கும் என்றால் பேருந்தில் வால்ஹவுசன் போய் அங்கிருந்து படகில் ஏரியைக் கடக்கலாம், அழகான வழி அது. ஆனால் படகு ஊபர்லிங்கனின் நடு ஊரில் இறக்கிவிடும், அங்கிருந்து கோல்ட்பாக் வரை நடந்துபோய்த் திரும்ப வேண்டும். முழங்கால் வலிக்கு அந்தக் கூடுதல் நடை வேண்டாம் என்பேன்.

தெர்மே நிலையத்தில் இறங்கியதும் வடக்குப் பக்கம் செங்குத்தாக ஒரு பாறைச் சுவர் நிற்கும். சாம்பல் கலந்த மஞ்சள் நிறம். இந்த ஊர்க்காரர்கள் மொலாஸ் என்று சொல்லும் மணற்பாறை. கிட்டப் போய் உதிர்ந்து கிடக்கும் ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள், ஈர மணலை உலர்த்தி இறுக்கியதுபோல விரலோடு வரும். கருங்கல்லில் வாழ்ந்து பழகிய நமக்கு இதையெல்லாம் பாறை என்று சொல்லவே தோன்றாது. ஆனால் இந்த மென்மைதான் இங்கே இத்தனை பேரைக் கொண்டுவந்தது.

1944 ஏப்ரல் மாதத்துக்கு வருவோம். ஊபர்லிங்கனுக்குக் கிழக்கே, இதே கரையில், ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் இருக்கிறது. ஆகாயக் கப்பல் கட்டிய செப்பலின் நிறுவனம், டாங்கிகளுக்கு எஞ்சின் செய்த மேபாக், விமானம் செய்த டோர்னியர், பல்சக்கரத் தொழிற்சாலை என்று போருக்கு வேண்டிய பெரிய ஆலைகள் எல்லாம் அந்த ஒரே ஊரில். ஏப்ரல் 28 அதிகாலை பிரிட்டிஷ் விமானங்கள் வந்து குண்டு போட்டு ஊரையே தரைமட்டமாக்கிவிட்டுப் போயின. இனி வெளியில் ஆலை நடத்த முடியாது, பூமிக்குள் கொண்டுபோய்விட வேண்டும் என்று பெர்லினில் முடிவெடுத்தார்கள். சீக்கிரம் குடையக்கூடிய பாறை, ரயில் பாதைக்குப் பக்கத்தில், மேலே போதுமான கனம். மூன்றும் கோல்ட்பாக்கில் இருந்தன. மாக்னெசிட் என்று ஒரு மறைபெயரும் வைத்தார்கள்.

குடைய ஆள் வேண்டுமே? முனிக் பக்கத்தில் இருந்த டாக்காவ் வதைமுகாமிலிருந்து கொண்டுவந்தார்கள். பாறைக்கு மேலே ஊர் எல்லையில் ஆஃப்கிர்ஷ் என்ற இடத்தில் முள்வேலி போட்டு, குடிசைகள் கட்டி, அதை டாக்காவின் துணை முகாமாக்கினார்கள். 1944 இலையுதிர்காலத்திலிருந்து மொத்தம் 800 பேர் அளவில் அங்கே அடைபட்டிருந்தார்கள். இத்தாலியர், ஸ்லோவேனியர், போலந்துக்காரர், சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்தவர் என்று பல மொழி பேசியவர்கள். பெரும்பாலோர் அரசியல் கைதிகள். நாஜிகளை எதிர்த்தார்கள் அல்லது எதிர்த்ததாகச் சந்தேகிக்கப்பட்டார்கள், அவ்வளவுதான். பகல், இரவு என இரண்டு முறைக்கும் ஆட்களை மாற்றிமாற்றி மேட்டிலிருந்து இறக்கிப் பாறைக்குக் கொண்டுவருவார்கள். மரக்கட்டைச் செருப்பு, மெல்லிய கோடுபோட்ட உடுப்பு, மழை, பனி. ஊர்ச் சாலையில்தான் நடத்திக் கூட்டிவந்தார்கள். சன்னலைத் திறந்தவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

உள்ளே வேலை என்னவென்றால், காற்றழுத்தத் துளைக்கருவியால் பாறையில் துளையிட்டு, வெடிவைத்து, புகையும் தூசியும் அடங்குவதற்குள் உள்ளே போய் உடைந்த கல்லை அள்ளித் தண்டவாளத் தள்ளுவண்டியில் போட்டு, வெளியே தள்ளிக்கொண்டு வந்து ஏரியில் கொட்டுவது. திரும்பப் போய் மறுபடி அதே. ஏழு மாதத்தில் கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குக் குடைந்தார்கள். சும்மா ஆள் போகிற பொந்து இல்லை. லாரி திரும்பும் அளவு அகலமான கூடங்கள்.

பட்டினி, நோய், அடி, பாறைச் சரிவு, வெடி விபத்து என்று ஆட்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள். முதலில் இறந்தவர்களை ஏரிக்கு அக்கரையில் இருக்கும் கான்ஸ்டன்ஸ் தகன நிலையத்துக்குக் கொண்டுபோய் எரித்தார்கள், 71 பேரை. ஆம், நீங்கள் படிக்கும் அதே ஊர்தான். பிறகு அதுவும் நின்றுபோய், ஊருக்கு வெளியே டேகன்ஹார்ட் என்ற தோப்பில் குழிவெட்டி, பெயரில்லாமல், அடையாளமில்லாமல் ஒன்றாகப் போட்டு மூடினார்கள், 97 பேரை.

இத்தனை செய்தும் அந்தச் சுரங்கத்தில் ஒரு திருகாணிகூட உற்பத்தியாகவில்லை. இயந்திரங்களைக் கொண்டுவந்து வேலை தொடங்குவதற்குள் போர் முடிந்துவிட்டது. 1945 ஏப்ரலில், பிரெஞ்சுப் படை நெருங்குகிறது என்று தெரிந்ததும், மிச்சமிருந்த கைதிகளை ரயிலில் ஏற்றி முனிக் பக்கத்து ஆலாக் முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அவர்களை மாத முடிவில் அமெரிக்கப் படை மீட்டது. ஊபர்லிங்கனுக்குள் பிரெஞ்சுக்காரர் நுழைந்தது ஏப்ரல் 25. எனக்கு இதைப் படித்தபோதும் சரி, இன்றைக்கும் சரி, மிகவும் கோபம் வருவது இந்த இடத்தில்தான். எதற்கும் பயன்படாத ஒரு பொந்துக்காக இத்தனை உயிர்.

அந்த இரண்டு பேர் கதையைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? ஆடம் புன்ட்ஷார்ட் என்று ஓர் ஆஸ்திரியர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தளபதி ஃப்ராங்கோவின் படைக்கு எதிராகச் சண்டை போட்டவர், பின்னால் பிடிபட்டு டாக்காவுக்கு வந்து சேர்ந்தவர். வசிலி ஸ்க்லாரென்கோ என்று ஓர் உக்ரைனியர். 1945 மார்ச்சில் இந்தச் சுரங்க வேலையின்போது இருவரும் தப்பினார்கள். எதிர்க்கரைக்கு நீந்திப் போயிருந்தாலும் அது ஜெர்மனிதான், பயனில்லை. அதனால் மேற்கே நிலவழியாக, பகலில் பதுங்கி இரவில் நடந்து, பல இரவுகளுக்குப் பிறகு ஷாஃப்ஹவுசன் பக்கம் சுவிஸ் எல்லையைத் தாண்டிவிட்டார்கள். புன்ட்ஷார்ட் பிற்காலத்தில் தன் வாழ்க்கையை எழுதியும் வைத்தார். ஆஃப்கிர்ஷ் முகாமில் ஒரு நாள் எப்படிப் போனது என்று இன்று நாம் பேச முடிவதற்கு அவரும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் உள்ளூர் ஆசிரியர் ஓஸ்வால்ட் புர்கர். போர் முடிந்து பல பத்தாண்டுகள் ஊரில் இதைப் பற்றி யாரும் அதிகம் வாய் திறக்கவில்லை. சுரங்கத்தை உள்ளூர்க்காரர்கள் குளிர்காலத்தில் படகு நிறுத்திவைக்கப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். புர்கர் ஆவணங்களைத் தேடி, பிழைத்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டு, ஒரு புத்தகம் எழுதி, ஆட்களைச் சுரங்கத்துக்குள் அழைத்துப் போய்க் காட்டவும் ஆரம்பித்தார். அதிலிருந்து ஒரு சங்கம் உருவாகி, இன்று உள்ளே ஆவணக் காட்சியும் இருக்கிறது, வழிகாட்டியோடு உள்ளே போய்ப் பார்க்கவும் முடிகிறது. எல்லா நாளும் திறந்திருக்காது. மாதத்துக்கு ஒருமுறை என்கிற கணக்கில்தான் பொதுமக்களுக்கான சுற்று, தேதியை ஊபர்லிங்கன் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுவிட்டு, முடிந்தால் உங்கள் நடையை அந்த நாளுக்கு வையுங்கள். ஒரு ஸ்வெட்டர் கட்டாயம். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே கிணற்றுக்குள் இறங்கியதுபோல் சில்லிட்டுப் போகும்.

நான் முதன்முதலில் உள்ளே போனபோது கண்ணில் பட்டதை அப்படியே சொல்கிறேன். வாசலைத் தாண்டி வெளிச்சம் பின்னால் சுருங்கச் சுருங்க, கூடம் விரிந்துகொண்டே போனது. ஒரு பக்கம் துணி போர்த்திய படகுகள். இன்னும் உள்ளே போனால் சுவரில் துளைக்கருவி போன தடங்கள். அரைக்குழாய் மாதிரி, பாறையில் நெடுகப் பதிந்த பள்ளங்கள். விரலை வைத்து இழுத்தேன், ஒரு சாண் தூரம் வழவழப்பாகப் போய், ஓர் இடத்தில் சட்டென்று நின்றது. துளையிட்டவன் கருவியை எடுத்த இடம். அவன் யார், இத்தாலியனா போலந்துக்காரனா, பிழைத்தானா என்று தெரியாது. ஆனால் அவன் கை நின்ற இடத்தில் என் விரலும் நின்றது. இன்னும் தள்ளி ஒரு தள்ளுவண்டி, துருப்பிடித்து, சாய்ந்து, அப்படியே கிடக்கிறது. பக்கத்தில் நின்ற ஒரு ஜெர்மன் பாட்டி குனிந்து அதன் விளிம்பைத் தொட்டுவிட்டுக் கையைக் கைக்குட்டையில் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நடந்தார்.

சுற்று இல்லாத நாளில் போனால் வாசல் மூடித்தான் இருக்கும். பரவாயில்லை, வாசல் வரை போய் நின்றுவிட்டு வாருங்கள். பக்கத்திலேயே கோல்ட்பாக் சில்வெஸ்டர் தேவாலயம் இருக்கிறது. இந்த ஏரிப் பக்கத்தின் மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்று, ஆயிரம் வருடம் கடந்த சுவரோவியங்கள் உண்டு. சின்னது, ஐந்து நிமிடம் போதும்.

இப்போது ஏரிப் பக்கம் இறங்குங்கள். பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு நீண்ட பூங்கா வரும். 2021-ல் இந்த ஊரில் மாநிலத் தோட்டக் கண்காட்சி நடந்தபோது புதிதாக அமைத்தது. புல்வெளி, மரம், தண்ணீருக்குள் இறங்கும் படிக்கட்டு, குழந்தைகள் விளையாடுமிடம். அதற்கு முன் வெகுகாலம் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களுக்கான இடமாக இருந்தது. நானும் சில கோடைகாலம் பிள்ளைகளை இங்கேதான் நீச்சலுக்குக் கூட்டிவந்தேன்.

தள்ளுவண்டியில் அள்ளி ஏரியில் கொட்டிய கல் எங்கே போனது என்று யோசித்தீர்களா? கொட்டக் கொட்ட ஏரி தூர்ந்து கரை முன்னால் நகர்ந்தது. அந்தக் கரைதான் இது. நான்கு கிலோமீட்டர் சுரங்கம் உங்கள் காலடியில் கிடக்கிறது. சுற்றுக்கு வந்த வழிகாட்டி இதைச் சொன்ன நாளில், எங்கள் துண்டை விரித்து உட்கார்ந்த இடமெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பூங்காவுக்குப் போகக் கூடாது என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் போகிறேன், தண்ணீரில் இறங்குகிறேன். ஆனால் பெரியவர்களை அழைத்துக்கொண்டு வந்தால் இந்த இடத்தில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, பாறையையும் புல்தரையையும் மாறிமாறிக் காட்டி, இதை எடுத்துச் சொல்லுங்கள். பிர்னாவில் இருப்பது இறந்தவர்களின் நினைவிடம் என்றால், அவர்களுடைய உழைப்பு கிடப்பது இங்கே.

சொல் பற்றி ஒரு விஷயம், ஏனென்றால் நீங்கள் "கட்டாய வேலை வாங்கப்பட்டவர்கள்" என்று எழுதியிருந்தீர்கள். அது சரிதான், ஆனால் அந்த ஒரே சொல்லுக்குள் பல வகை மனிதர்கள் இருக்கிறார்கள். போர் ஆண்டுகளில் ஜெர்மன் மண்ணில் ஏறக்குறைய 1.3 கோடி வெளிநாட்டவரிடம் இப்படி வேலை வாங்கினார்கள். போலந்து, உக்ரைன் கிராமங்களிலிருந்து பிடித்து வந்த சாதாரண ஆண் பெண்கள், போர்க் கைதிகள், 1943-ல் இத்தாலி அணி மாறியதும் ஆயுதம் பறித்துக் கொண்டுவந்த இத்தாலியச் சிப்பாய்கள், கடைசியாக வதைமுகாம் கைதிகள். இந்த ஏரிக்கரையின் பண்ணை வீடுகளிலும் ஆலைகளிலும் முதல் வகையினர் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்குக் கூலி என்று ஏதோ கொஞ்சம், சாப்பாடு என்று ஏதோ கொஞ்சம் கிடைத்தது. சட்டையில் துணிப் பட்டை தைத்து அடையாளம் காட்ட வேண்டும், ஊரைவிட்டு நகரக் கூடாது. வதைமுகாம் கைதிக்கு இதுவும் கிடையாது. அவன் உழைப்பை, முகாம்களை நடத்திய நாஜிகளின் எஸ்.எஸ். படை நாள் வாடகைக்கு விட்டது, அந்தப் பணத்தில் அவனுக்கு எதுவும் வரவில்லை. அவன் செத்தால் வேறொருவன் வருவான் என்பதுதான் கணக்கு. கோல்ட்பாக்கில் குடைந்தவர்கள் இந்தக் கடைசி வகை. பிர்னாவில் வழிகாட்டிப் பலகையைத் தேடும்போது 'காட்செட் ஃப்ரீட்ஹோஃப்' என்று கேளுங்கள். காட்செட் என்றால் வதைமுகாம், ஃப்ரீட்ஹோஃப் என்றால் கல்லறைத் தோட்டம்.

இழப்பீடு கிடைத்ததா என்று அப்பா நிச்சயம் கேட்பார், எங்கள் மாமாவும் முதலில் அதைத்தான் கேட்டார். 2000-ல்தான் ஜெர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை அமைத்தன. 2007-க்குள் உயிரோடிருந்த சுமார் 16 லட்சம் பேருக்கு, மொத்தம் 440 கோடி யூரோ அளவில் பணம் போய்ச் சேர்ந்தது. அறுபது வருடம் கழித்து. அந்த இத்தாலியச் சிப்பாய்களில் பெரும்பாலோரைப் போர்க் கைதிகள் என்று சொல்லி அதிலும் சேர்க்கவில்லை.

சரி, நடையைத் தொடர்வோம். பூங்காவிலிருந்து ஊருக்குள் வந்து, ஊரைத் தாண்டும் வரை ஏரியை ஒட்டியே நடைபாதை. இந்த ஏரிக்கரையிலேயே மிக நீளமான நடைபாதை என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். சமதரை, ஐம்பது அடிக்கு ஒரு பெஞ்ச், காபிக் கடைகள், கழிவறை. படகுத்துறைப் பக்கம் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொள்வது நல்லது, அப்புறம் பிர்னாவ் வரை அதிகம் கடை கிடையாது. இடையில் ஒரு எச்சரிக்கை: ஊபர்லிங்கன் நினைவிடம் என்று பொதுவாகத் தேடினால் வேறொன்று முதலில் வரும். 2002 ஜூலை 1 இரவு இந்த ஊருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி, ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகள் உட்பட 71 பேர் இறந்தார்கள். அதற்கும் ஊருக்கு வெளியே நினைவிடம் உண்டு. அது வேறு துயரம், வேறு திசை. கலந்துவிடாதீர்கள்.

ஊரைத் தாண்டியதும் நுஸ்டோர்ஃப். சின்ன ஊர், தோட்டங்கள், கோடைவாசிகள், சட்டென்று கடந்துவிடும். அதற்கப்புறம் வலப்பக்கம் நாணலும் ஏரியும், இடப்பக்கம் மேட்டில் திராட்சைத் தோட்டமும், அதன் உச்சியில் இளஞ்சிவப்புச் சுவரோடு பிர்னாவ் தேவாலயமும் தெரிய ஆரம்பிக்கும். செப்டம்பர் என்பதால் குலைகள் பழுத்திருக்கும், சில சமயம் அறுவடையும் நடக்கும். கீழே மௌராக் மாளிகைக்குப் பக்கத்திலிருந்து கொடிகளுக்கு நடுவே மேலே ஏறும் பாதை இருக்கிறது. மொத்த நடையிலும் அப்பாவுக்குச் சிரமம் தருவது இந்த ஒரு ஏற்றம்தான். நின்று நின்று ஏறினால் இருபது நிமிடம். முடியாது என்று தோன்றினால் ஊபர்லிங்கனிலிருந்து பேருந்து உண்டு, தேவாலயத்துப் பக்கத்திலேயே நிறுத்தம். அம்மாவும் அப்பாவும் பேருந்தில் வரட்டும், நீங்கள் நடந்து வந்து மேலே சேர்ந்துகொள்ளுங்கள். நாங்களும் ஒரு தடவை அப்படித்தான் செய்தோம்.

பிர்னாவ் தேவாலயம் 1746 முதல் 1749 வரை பீட்டர் தும்ப் என்பவர் ஸாலெம் மடத்துக்காகக் கட்டியது. உள்ளே கால் வைத்ததும் இளநீலமும் பொன்னும் கண்ணைக் கூசவைக்கும். எல்லாரும் தேடிப் போய்ப் பார்ப்பது ஒரு குட்டித் தேவதூதனை. ஒரு கையில் தேன்கூடு, மற்றக் கை விரல் வாயில். ஃபாய்ஷ்ட்மாயர் என்ற சிற்பி செய்தது. தேன் சுவைப்பவன் என்றே அதற்குப் பெயர். அம்மா நிச்சயம் அதைப் பார்த்து நம் ஊர் வெண்ணெய்க் கண்ணனைச் சொல்வார். எங்கள் வீட்டு ஆட்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அதைத்தான் சொன்னார்கள். வெளியே மேட்டு முற்றத்தில் நின்றால் ஏரி முழுக்க விரிந்து கிடக்கும், மைனாவ் தீவு, வானம் தெளிவாக இருந்தால் அதற்கும் பின்னால் பனி மூடிய சுவிஸ் மலைகள்.

அங்கிருந்து சில நூறு மீட்டர்தான் கல்லறைத் தோட்டம். ஸாலெம் மடத்துக்குப் போகும் பழைய நடைவழியை ஒட்டி, மரங்களுக்கு நடுவே. நெடுஞ்சாலை கிட்டத்தில் ஓடுவதால் வண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும், அமைதியான இடமாக இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். டேகன்ஹார்ட் தோப்பில் மூடப்பட்டவர்களை, போருக்குப் பிறகு பிரெஞ்சு நிர்வாகம் தோண்டி எடுக்கவைத்தது. 97 உடல்களையும் தனித்தனிப் பெட்டியில் வைத்து, 1946 ஏப்ரலில் இங்கே கொண்டுவந்து முறையாக அடக்கம் செய்தார்கள். வரிசையாகச் சிலுவைகள். பெரிய கோபுரமோ சிலையோ எதுவும் இல்லை. புல்லை ஒழுங்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். சில சமயம் இத்தாலியக் கொடி நிறத்தில் ஒரு ரிப்பன், சில சமயம் சிவப்புக் கண்ணாடிக் குவளையில் எரிந்து தீர்ந்த மெழுகுவர்த்தி, யாரோ ஏரியிலிருந்து எடுத்துவந்து வைத்த கூழாங்கல். இந்த ஏரியின் மிக அழகான ஓர் இடத்தை, இந்த மேட்டை, அவர்களுக்குத் தேர்ந்தெடுத்தது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. உயிரோடிருந்த காலத்தில் இந்தத் தண்ணீரை அவர்கள் கல் கொட்டும்போது மட்டும்தான் பார்த்தார்கள்.

அங்கே என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பது எல்லாருக்கும் வரும். செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று அம்மா கேட்டால், இங்கே அந்த வழக்கம் இல்லை என்று சொல்லுங்கள், கழற்றினாலும் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். என் அத்தை வந்தபோது, வழியில் ஊபர்லிங்கன் சந்தையில் வாங்கிய செவ்வந்தியை ஒவ்வொரு வரிசையின் முதல் சிலுவையிலும் ஒன்றாக வைத்துக்கொண்டே போனார். பூ தீர்ந்துபோய் ஒரு வரிசை மிஞ்சியது. பையிலிருந்த ஆப்பிளை எடுத்து அங்கே வைத்தார். "பசியில செத்திருப்பாங்கடா" என்றார். அதைவிடச் சரியான மரியாதையை நான் அந்த இடத்தில் பார்த்ததில்லை.

திரும்புவதற்கு இரண்டு வழி. கால் ஒத்துழைத்தால் கிழக்கே இறங்கி உன்டர்உல்டிங்கனுக்குப் போகலாம். தண்ணீருக்குள் மரத்தூண் நட்டுக் கட்டிய ஆதிமனிதர் வீடுகளை அங்கே மறுபடி கட்டி, 1922-லிருந்து காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் இருந்தால் பிடிக்கும். உல்டிங்கன்-ம்யூல்ஹோஃபன் ரயில் நிலையம் அங்கிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கால் ஓய்ந்திருந்தால் பிர்னாவிலேயே பேருந்து ஏறி ஊபர்லிங்கன் போய் ரயில் பிடியுங்கள். மொத்தமாக, கோல்ட்பாக்கிலிருந்து உன்டர்உல்டிங்கன் வரை பத்து கிலோமீட்டருக்குச் சற்று முன்பின். காலை பத்து மணிக்குத் தொடங்கினால், உட்கார்ந்து, சாப்பிட்டு, பேசி, மாலை ஐந்துக்குள் முடித்துவிடலாம். கடுங்கோடையில் கரையெல்லாம் கூட்டம், நவம்பருக்கு மேல் பல நாள் மூடுபனியில் அக்கரையே தெரியாது. நீங்கள் சொன்ன செப்டம்பர்தான் சரியான மாதம்.

ரயிலில் மேற்கே திரும்பும்போது எல்லாரும் ஏரி தெரியும் இடப்பக்கச் சன்னலுக்கு ஓடுவார்கள். பெரியவர்களை வலப்பக்கம் உட்காரவையுங்கள். தெர்மே நிலையம் தாண்டியதும் அந்த மஞ்சள் பாறை சன்னலை உரசுகிறாற்போலச் சில நொடி வரும், காலையில் பார்த்த பாறைதான்.